பிள்ளைக்கு ஐக்யூ டெஸ்ட்: சென்னையில் கிடைப்பவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வீட்டில் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டு, பள்ளியில் மட்டும் பெஞ்சில் தலைசாய்த்துக் கிடக்கிறது என்றால், யாராவது ஒருவர் "ஐக்யூ டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார். சென்னையில் அதை எடுத்துத் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. அண்ணா நகர், அடையாறு, தி.நகர் கிளினிக்குகள், பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், அரசு நிறுவனங்கள், பள்ளிக்கே வந்து கடைவிரிக்கும் கைரேகைக் கம்பெனிகள் என்று பலரும் இருக்கிறார்கள். எல்லாரும் கடைசியில் ஒரு தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தத் தாள்களின் மதிப்பு மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளி ஏதோ ஒன்றை மாற்றத் தயாராக இருந்து அதற்கு ஆதாரம் கேட்கிறது என்றால் டெஸ்ட் எடுங்கள். பிள்ளை பேச்சில் கெட்டி, எழுத்திலோ வாசிப்பிலோ திணறல் என்றால் தள்ளிப்போடாமல் எடுங்கள். அட்மிஷனுக்கு உதவும் என்றோ, சொந்தக்காரர்களிடம் சொல்ல ஒரு எண் வேண்டும் என்றோ எடுக்க வேண்டாம்.

அட்மிஷன் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு: சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை அபராதம். 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய உண்டு. அவற்றிலும் ஐக்யூ ரிப்போர்ட்டை நீட்டி சீட் வாங்குவது என்பது நடைமுறையில் இல்லை.

ஆகவே கிளினிக்குக்குப் போன் செய்வதற்கு முன் தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ரிப்போர்ட் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" டபுள் பிரமோஷன் தருவார்களா, கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைப்பார்களா, வகுப்பிலேயே கூடுதல் வேலை கொடுப்பார்களா? பெரும்பாலான மெட்ரிக், சி.பி.எஸ்.இ பள்ளிகளில் இரண்டாவது வழி டைம்டேபிளில் அடிபட்டுப்போகும். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பீரியட் காலையிலும் ஐந்தாம் வகுப்புக்கு மத்தியானமும் இருந்தால், பிள்ளை இரண்டு இடத்திலும் ஏதோ ஒரு பாடத்தை இழக்கும். "பார்க்கலாம்" என்பதே பதிலானால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடலாம், பணம் மிச்சம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐக்யூ 130 என்பது நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர் எட்டும் அளவு. எட்டு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர் என்றால் 320 பிள்ளைகள். அதில் ஏழு பேராவது அந்த அளவில் இருக்க வாய்ப்பு உண்டு. 132 என்று எழுதிய தாளைப் பார்த்துத் தலைமையாசிரியர் அசந்துபோகாததற்குக் காரணம் இதுதான். "ஐந்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாளில் 90 வாங்குகிறான்" என்று கையில் காட்டினால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்தச் சோதனை என்பதே பாதி விஷயம்

கிளினிக்குகள் விளம்பரத்தில் "ஐக்யூ அசெஸ்மென்ட்" என்று பொத்தாம்பொதுவாகப் போடுகின்றன. உள்ளே எந்தப் பெட்டி திறக்கிறது என்பதைப் பொறுத்து, அதே பிள்ளைக்கு அதே வாரத்தில் 20 புள்ளிகூட மாறி வரலாம்.

பினே-காமத் சோதனை இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. வி.வி. காமத் 1934-இல் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து வடிவமைத்தது. புழங்கும் பதிப்பு 1967-ஐச் சேர்ந்தது. இது மன வயதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கும் பழைய முறை. 6 வயதுப் பிள்ளை 9 வயதுக்கான கேள்விகளைப் போட்டால் 150. அதே பிள்ளை 10 வயதில் 13 வயதுக்கான கேள்விகளைப் போட்டால் 130. மூன்று வருட முன்னிலை அப்படியே இருக்கிறது, எண் மட்டும் 20 இறங்கிவிட்டது. பெற்றோர் "பிள்ளை மந்தமாகிவிட்டானா?" என்று பதறுவதற்கு இந்த வகுத்தல் கணக்குதான் காரணமே தவிர, பிள்ளையின் மூளை இல்லை.

மாலின் சோதனை 1969-ஐச் சேர்ந்தது. வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஐக்யூ சோதனையை நாக்பூரில் ஏ.ஜே. மாலின் இந்தியப் பிள்ளைகளுக்கு மாற்றி அமைத்தது. வாய்மொழிப் பகுதி, செயல் பகுதி என்று இரண்டாகப் பிரிந்து வரும், நல்ல அமைப்பு. சிக்கல் என்னவென்றால் ஒப்பிடப்படுவது அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளோடு. தலைமுறை மாற மாற இந்தச் சோதனைகளில் சராசரி மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும் என்பது பல நாடுகளில் கண்டறிந்தது; அமெரிக்கத் தரவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. அந்த எண்ணை இங்கே அப்படியே கழித்துக் கணக்குப் போடக் கூடாது. ஆனால் பழைய சோதனையில் வரும் 140-ஐ இன்றைய 140 என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ரேவன் சோதனை வெறும் வடிவங்கள். சொல்லே தேவையில்லை என்பதால் சௌகார்பேட்டையில் வீட்டில் மார்வாடி பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கும் பொருந்தும். வண்ணப் பதிப்பில் 36 கேள்விகள், சாதாரணப் பதிப்பில் 60. கெட்டிக்கார எட்டு வயதுப் பிள்ளை வண்ணப் பதிப்பை ஏறக்குறைய முழுசாகப் போட்டுவிடும்; அதற்குமேல் அளக்க அதில் இடம் இல்லை. உச்ச நிலையாக அது சொல்வதே 95-ஆம் சதமானமும் (நூற்றில் 95 பேரைத் தாண்டிய இடம்) அதற்கு மேலும் என்பதுதான். முதல் சல்லடையாக நல்லது. இதை மட்டும் வைத்து டபுள் பிரமோஷன் கேட்பது பலவீனமான வாதம்.

எங்கள் தேர்வு வெக்ஸ்லர் குழந்தைகள் சோதனையின் இந்தியப் பதிப்பு. நான்காம் பதிப்பின் இந்திய அளவுகோல், அதாவது இந்தியப் பிள்ளைகளோடு ஒப்பிடும் கணக்கு, 2012-இல் வந்தது. 6 வயது முதல் 16 வரை. பத்து முக்கியச் சிறுசோதனைகள், நான்கு குறியெண்கள்: சொல்வழிப் புரிதல், காட்சிவழிச் சிந்தனை, செயல் நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), வேகம். எடுக்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னும் நீளும், ஏனென்றால் தொடர்ந்து தவறு வந்தால்தான் ஒவ்வொரு சிறுசோதனையையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. இவர்கள் கடைசிவரை போவார்கள். "அரை மணியில் முடித்துவிட்டோம்" என்று ஓர் இடம் சொன்னால் சுருக்கப் பதிப்பு எடுத்திருக்கிறார்கள், அல்லது விதியை மீறியிருக்கிறார்கள்.

ஆறு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எல்.கே.ஜி வயதில் வரும் எண் அடுத்த இரண்டு வருடத்தில் எப்படி வேண்டுமானாலும் நகரும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எடுப்பது சரி.

யார் கையில்

சோதனை எடுப்பவர் ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் முடித்தவர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பல இடங்களில் கையெழுத்து போடுவது சீனியர், சோதனை எடுப்பது பயிற்சி மாணவர். மேற்பார்வை இருந்தால் அது தவறில்லை. யார் எடுக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால்தான் தவறு.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் போன்ற அரசு நிறுவனங்களில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே அன்றாட வேலை அறிவுசார் குறைபாட்டை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவது. அந்த வேலைக்கு ஏற்ற கருவிகள் கீழ்முனையை நுணுக்கமாக அளப்பவை. செகின் பலகையில் பத்து வடிவங்களைப் பொருத்தும் நேரத்தை வைத்து மீத்திறன் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவசரத் தேவையோடு வரும் குடும்பங்களின் வரிசையில் நின்று அங்கே உச்ச மதிப்பெண் தேடுவதும் முறையாகப் படவில்லை. வாசிப்புத் திணறல் சந்தேகம் இருந்தால் கதை வேறு; அதற்கு அரசுத் துறையும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் பொருத்தமான வாசல்கள்.

பள்ளி கவுன்சிலர் எடுக்கும் குழுச் சோதனை இலவசமாகக் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாம், சல்லடை என்ற அளவில்.

கைரேகை டெஸ்ட்டுக்குப் பைசா கொடுக்காதீர்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, வண்ண வண்ணமாக நாற்பது பக்க ரிப்போர்ட் தருகிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு இசை அறிவு இவ்வளவு சதவீதம்" என்று இருக்கும். விரல் ரேகைக்கும் சிந்திக்கும் திறனுக்கும் அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. பள்ளி வளாகத்திலேயே ஸ்டால் போடுவதால் பள்ளியின் அங்கீகாரம் இருப்பதுபோல ஒரு தோற்றம் வருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் 'மிட் பிரைன்' வகுப்புகளும் இதே ரகம்.

போனில் கேட்க வேண்டியவை

எந்தச் சோதனை, எத்தனையாவது பதிப்பு, இந்திய அளவுகோலா அமெரிக்க அளவுகோலா? ஒரே அமர்வா, இரண்டா? கட்டணத்தில் ரிப்போர்ட்டும் பிறகு உட்கார்ந்து விளக்குவதும் சேர்த்தியா? பல இடங்களில் விளக்க அமர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மொழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலக் கேள்வியை அந்த இடத்திலேயே மனசில் தமிழாக்கிக் கேட்டால் சொல்லின் கடினம் மாறிவிடும்; அளவுகோல் ஆட்டம் கண்டுவிடும். வீட்டுமொழி தமிழாக உள்ள பிள்ளை ஆங்கிலத்தில் பதில் தெரியாமல் தமிழில் சரியாகச் சொன்னால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதற்கு சைக்காலஜிஸ்டிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். தமிழ் வழிப் பிள்ளை என்றால் சொல்வழிப் பகுதியின் எண்ணை எச்சரிக்கையோடு பார்த்து, ரேவன் சோதனையையும் துணைக்குச் சேர்ப்பதே நியாயம்.

அன்றைய நாளைப் பற்றி: காலை ஒன்பது, பத்து மணி நல்லது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, நீச்சல் முடிந்து, மாலை ஆறு மணிக்கு அழைத்துப் போனால் செயல் நினைவும் வேகமும் சரியும். இட்லியோ பொங்கலோ சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் தேதியை மாற்றுங்கள். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதி அப்படியே அடிவாங்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலையை ஒட்டிய அறையென்றால் உள்பக்க அறை கேளுங்கள். இணையத்தில் மாதிரிக் கேள்விகளைத் தேடிப் பழக்கப்படுத்தாதீர்கள். பழகிய பிள்ளையின் எண் பொய்யான எண். அதை நம்பி மேல் வகுப்பில் உட்கார வைத்தால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைதான்.

அபாகஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளை என்றால் சைக்காலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். எண் நினைவிலும் மனக்கணக்கிலும் பயிற்சியின் தாக்கம் இருக்கக்கூடும். அதேபோல நூறு குறளை ஒப்பிக்கும் நினைவாற்றல் போற்றத்தக்கது, ஆனால் புதுச் சிக்கலைத் தானாக அவிழ்க்கும் திறன் அதிலிருந்து வேறுபட்டது. வீட்டில் முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதை எதிர்பார்த்து வருகிறவர்கள் அதிகம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

ஒரு பக்கத்தில் "ஐக்யூ 134, மிக உயர்ந்த நிலை" என்று முத்திரை குத்திக் கொடுத்தால் அது ரிப்போர்ட் இல்லை, ரசீது. நான்கு குறியெண்களும், பத்துச் சிறுசோதனைகளின் மதிப்பெண்ணும், சதமானமும், பிழை எல்லையும் இருக்க வேண்டும். 134 என்றால் உண்மையில் ஏறக்குறைய 129-இலிருந்து 138 வரை எங்கேயோ என்று பொருள். 130-க்கு ஒரு புள்ளி குறைந்து 129 வந்ததற்காக அழ வேண்டியதில்லை. சிறுசோதனை ஒவ்வொன்றும் 1 முதல் 19 வரை போகும், சராசரி 10. மூன்று நான்கு இடத்தில் 18, 19 என்று இருந்தால் பிள்ளை கூரையை முட்டியிருக்கிறது. உண்மைத் திறன் எண்ணைவிட மேலே இருக்கலாம்.

மிக முக்கியமானது ஏற்றத்தாழ்வு. சொல்வழி 138, காட்சிவழி 131, செயல் நினைவு 112, வேகம் 97 என்று வந்தால் மொத்த ஐக்யூவைப் பார்க்கவே கூடாது. உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 23 புள்ளி அல்லது அதற்குமேல் இருந்தால் மொத்த எண்ணுக்குப் பொருள் இல்லை என்பது வெக்ஸ்லர் சோதனையை விளக்குபவர்கள் கைக்கொள்ளும் வரையறை. அப்போது சொல்வழியையும் காட்சிவழியையும் மட்டும் சேர்த்த பொதுத் திறன் குறியெண்ணைக் கணக்கிட்டுத் தரச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை. வேகம் ஏன் குறைந்தது என்பதைக் கவனிப்புக் குறிப்பு சொல்ல வேண்டும்: நாலுகோடு நோட்டில் அழகாக எழுதிப் பழகிய பிள்ளை வேகச் சோதனையிலும் அழகாக எழுதிக்கொண்டிருந்ததா, பென்சில் பிடிப்பில் சிரமமா, கவனம் சிதறியதா? மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வுகள். "சோம்பேறி, எழுத மாட்டேன் என்கிறான்" என்று டயரியில் எழுதப்பட்ட பிள்ளைக்கு எழுத்துத் திணறல் இருப்பது இங்கேதான் வெளியே வரும். இந்த ஒரு பயனுக்காகவே நல்ல ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கும் பணம் தகும்.

எண் திருப்தியில்லை என்று அடுத்த மாதமே வேறு கிளினிக்குக்குப் போகாதீர்கள். ஒரு வருடமாவது இடைவெளி வேண்டும். சோதனையில் அடுக்கக் கொடுக்கும் கட்டைகளை முன்பே பார்த்த நினைவே மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.

டபுள் பிரமோஷன் கேட்கும் முன்

வகுப்பு தாண்ட வைப்பதா என்று முடிவு செய்ய அமெரிக்காவில் ஐயோவா அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வேண்டாம் என்று உடனே நிறுத்தும் காரணங்களில் இரண்டு நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். அக்காவோ அண்ணனோ தம்பியோ அதே வகுப்பில் அல்லது போகப்போகும் வகுப்பில் இருந்தால் வேண்டாம். பிள்ளைக்கே விருப்பமில்லை என்றால் வேண்டாம். இரண்டாவதை இங்கே யாரும் கேட்பதில்லை.

வயதுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். நீட் எழுதி மருத்துவம் சேர, சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்கப்படி ஜூலை 31 கணக்கில் 5 வயது முடித்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒரு வகுப்பு தாண்டினால், ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பிறந்திருந்தால் சிக்கல் இல்லை. ஜனவரி முதல் ஜூலைக்குள் பிறந்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டிவரும். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் போக நினைத்தாலும் பத்தாம் வகுப்புக்கு 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 என்ற குறைந்தபட்ச வயது இருக்கிறது. டபுள் பிரமோஷன் கிடைத்தால் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவில் வகுப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தையாக மேல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுப் பதிவில் பழைய வகுப்பே இருந்தால் டி.சி வாங்கும்போது குட்டு வெளிப்படும்.

டெஸ்ட் எடுக்காமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைத்தான் பலருக்கும் முதலில் பரிந்துரைப்போம். இரண்டு வகுப்பு மேலே உள்ள பாடநூலை அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கி, அந்த வகுப்பின் பருவத் தேர்வுத் தாளை நேரம் வைத்துக் கொடுங்கள், உதவி இல்லாமல். 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வின் அடிப்படை இதுதான்: தன் வகுப்புத் தாளில் நூறு வாங்கும் பத்துப் பேரை அதே தாள் பிரித்துக் காட்டாது, மேல் வகுப்புத் தாள் காட்டும். 80-க்கு மேல் வந்தால் அந்தத் தாளையே பள்ளிக்குக் கொண்டுபோகலாம். 40 வந்தால் வகுப்பு தாண்டுவதை மறந்துவிட்டு, கணக்குப் பிரியராக இருந்தால் திருவல்லிக்கேணியில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறனறித் தேர்வுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து அனுப்பலாம். அந்தக் கேள்விகள் பாடத்திட்டத்தை முன்னால் தள்ளாமல் ஆழமாகத் தோண்டுபவை.

ரிப்போர்ட் எடுத்துவிட்டீர்கள் என்றால் அசல் உங்களிடமே இருக்கட்டும். அதில் குடும்ப விவரம், பிறப்பு வரலாறு, நடத்தைக் குறிப்பு எல்லாம் இருக்கும்; ஸ்டாஃப் ரூமில் கைமாறும் தாள் அது இல்லை. பள்ளிக்கென்று ஒரு பக்கச் சுருக்கம் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: குறியெண்கள், வகுப்பில் செய்ய வேண்டிய மூன்று நான்கு மாற்றங்கள், சைக்காலஜிஸ்டின் பதிவு எண். அதை மனுவோடு இணைத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.